சேப்பல் மணியும் கமிட்டிக் கூட்டமும்

போன வாரம் புதுக் கமிட்டிப் புள்ளைங்க எல்லாரும் பட்டர் கேக்கோட என் வீட்டுப் படியேறி வந்தீங்க. "மிஸ், நீங்கதான் இத்தன காலம் சபைச் செயலாளரா இருந்தீங்க, எங்களுக்கு ரெண்டு விஷயத்துக்கு வழி சொல்லுங்க"ன்னு கேட்டீங்க. ஒண்ணு, கமிட்டி கூடுறதுக்கு முன்னாடி மணி அடிக்கணுங்கிற விதியத் தூக்கிட்டு வாட்ஸ்அப்புல ஒரு மெசேஜ் போட்டா போதாதா. ரெண்டாவது, ஒவ்வொரு கமிட்டிக் கூட்டத்துக்கும் ஒரு வயசான அம்மா வந்து பின் வரிசையில ஒக்காந்துக்கிறாங்க, அவங்க ஸ்டாஃபும் இல்ல, மாணவியும் இல்ல, அவங்க மனசு நோகாம வர வேணாம்னு எப்படிச் சொல்றது.

கேக் நல்லா இருந்துச்சு. பதில் சொல்றதுக்குள்ள மழை இருட்டிக்கிட்டு வந்து, கடைசி பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க. அதனால எழுதியே அனுப்புறேன். ரெண்டு கேள்விக்கும் பதில் ஒண்ணுதான், ஆனா கொஞ்சம் நீளம். வேலை பாத்த காலம் முழுக்க லைப்ரரியில "சத்தம் போடாதீங்க"ன்னு சொல்லிச் சொல்லி என் வாயையும் நானே பொத்தி வச்சிருந்தேன். இப்ப ரிட்டயர் ஆகியாச்சு, கேட்டுத்தான் ஆகணும்.

முதல்ல நம்ம சபையப் பத்தி ஒரு விஷயம் மனசுல வச்சுக்குங்க. ஊர்ச் சபைன்னா ஒரே மாதிரி ஆளுங்க ஒண்ணாக் கூடுறது. கலாசாலைச் சபை அப்படி இல்ல. மெதடிஸ்த ஆளுங்க, அங்கிலிக்கன் ஆளுங்க, கத்தோலிக்க ஆளுங்க, பெந்தெகொஸ்தே ஆளுங்க, நாலு வகைக்கும் ஒரே சேப்பல். அதுவும் ஒரு காலத்துல தோட்டத்து மருந்துக்கடையா இருந்த கட்டடம். ஒருத்தர் முழங்கால்ல நிப்பாரு, பக்கத்துல இருக்கிறவரு எந்திரிச்சு நின்னு கை தட்டுவாரு. ஒரு வாரம் மெதடிஸ்த ஐயர் வருவாரு, மறு வாரம் பாதர் வருவாரு, அதுக்கடுத்த வாரம் பாஸ்டர் வருவாரு. ரோட்டுல மண் சரிஞ்சா ஒருத்தரும் வர மாட்டாங்க, அன்னைக்குத்தான் எல்லாரும் ஒத்துமையா ஜெபம் பண்ணுவோம்.

கமிட்டிக்கு ஒவ்வொரு வகையில இருந்தும் ஒரு ஸ்டாஃப், ஒரு மாணவர். தலைவர் பதவி வருஷத்துக்கு ஒரு வகைக்குப் போகும். செயலாளர் பதவி மட்டும் எங்கயும் போகாது, ஏன்னா அத யாரும் எடுக்க மாட்டாங்க. "இத யாராவது செய்யணும்"னு நம்ம கமிட்டியில எவரு வாயத் தெறக்கிறாரோ அவரு தலையிலதான் அது விழும். நான் ஒரு கூட்டத்துல, "குறிப்பு எழுத யாராவது வேணும்"னு சொல்லிட்டேன். அவ்வளவுதான், ரிட்டயர் ஆகுற வரைக்கும் நான்தான் செயலாளர்.

இப்ப மணி விதிக்கு வர்றேன். அது பைத்தியக்கார விதின்னு நெனைக்கிறீங்க. பைத்தியக்கார விதிதான், ஆனா காரணம் இருக்கு. எனக்கு முந்தி இருந்த கமிட்டியில கொஞ்சப் பேரு, ஒருத்தரோட குவார்ட்டஸ்ல பிளேன்டீ குடிச்சுக்கிட்டே, சேப்பலுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பஸ் பாடிக்கு அடிக்கிற பச்சை. சபைக்கு யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கெழம கதவத் தெறந்தா உள்ளுக்குள்ள பளபளன்னு இருக்கு, புது பெயின்ட் வாடையில பாதருக்கு மயக்கம் வந்துருச்சு. அதக் கேக்கப் போன ஒரு மாணவிய, "இது கமிட்டி விஷயம், வெளிய போ"ன்னு அனுப்பிட்டாங்களாம்.

அதுக்கப்புறம் சபை கூடி யாப்புல, அதான் நம்ம விதிப் புத்தகத்துல, எழுதிச்சு. கமிட்டி கூடணும்னா கலாசாலை முழுக்கக் கேக்குற மாதிரி மணி அடிக்கணும். அடிச்சதும் ஒரு பாட்டுப் பாடணும். பாட்டு முடியிறதுக்குள்ள வந்தவங்க யாரா இருந்தாலும் உள்ள ஒக்காந்து கேக்கலாம், கூட்டம் முடிஞ்சதுன்னு செயலாளர் சொல்ற வரைக்கும் அவங்கள எவரும் வெளிய அனுப்ப முடியாது. ஞாயித்துக்கெழம ஆண்டவரோட நாள், அன்னைக்குக் கூட்டம் கூடாது. பச்சை பெயின்ட்டு மேல இருந்த கோவத்துல எழுதின விதி. கோவத்துல எழுதினதெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

பல வருஷம் ஒரு தொல்லையும் இல்ல. ஏன்னா எங்க மணி ஒரு சின்னக் கைமணி, ஸ்கூல்ல ஆட்டுற மாதிரி. ஒரு நாள் அதோட நாக்குக் கழண்டு விழுந்துருச்சு. அந்த வருஷத் தலைவர் வேதநாயகம் மாஸ்டர். கணக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறவரு, மெதடிஸ்த உபதேசியார், எதையும் ஓசியில வாங்குறதுல கெட்டிக்காரரு. மேல தோட்டத்துல தேயிலை ஸ்டோருக்கு மின்சாரச் சங்கு மாட்டினதால, ஆளுங்கள வேலைக்குக் கூப்பிடுற பழைய பெரட்டு மணி சும்மா கெடக்குதுன்னு கேள்விப்பட்டு, தோட்டத்த நடத்துற தொரைகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. நாலு பேரு தூக்கிக்கிட்டு வந்து சேப்பல் முகப்புல கட்டினாங்க. "மணின்னா இது மணி"ன்னு மாஸ்டர் தடவிக்கிட்டே நின்னாரு.

நம்ம கலாசாலையச் சுத்தி மூணு பக்கமும் தேயிலை மலை. அந்த மலையில கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க பொறந்ததுல இருந்து அந்த மணிச் சத்தத்துக்குத்தான் எந்திரிச்சாங்க, வேலைக்குப் போனாங்க, எறங்கி வந்தாங்க. இது மாஸ்டருக்கும் தோணல, எனக்கும் தோணல, சும்மா குடுத்த தொரைக்கும் தோணல.

அந்த மாசம் கமிட்டிக்கு ஒரே ஒரு முக்கியமான விஷயம் இருந்துச்சு. எஸ்தர் கலியாணம். எஸ்தர் அப்ப நம்ம கலாசாலையில புதுசாச் சேர்ந்த விரிவுரையாளர். மேல லயத்துப் புள்ள, தோட்டத்து வரிசை வீட்டுல வளந்தவ. அவ அம்மா பாக்கியம் அந்த மலையிலதான் கொழுந்து எடுத்தாங்க. அப்பா இல்ல. அவங்க குடும்பம் பெந்தெகொஸ்தே. மாப்பிள்ளை டேவிட் இறம்பொடைக்காரரு, மெதடிஸ்த குடும்பம். பாஸ்டர், மாப்பிள்ளை மறுபடியும் தண்ணியில முங்கி ஞானஸ்நானம் எடுத்தாத்தான் கலியாணம்னு சொல்லிட்டாரு. மாப்பிள்ளையோட அப்பா, "என் மகனக் கொழந்தையிலயே நனைச்சாச்சு, இன்னொரு தடவ நனைக்கிறதுக்கு அவன் என்ன துணியா"ன்னு கேட்டுட்டாரு. கடைசியில ரெண்டு பக்கமும் சம்மதிச்ச ஒரே எடம் நம்ம சேப்பல்தான். அது யாருக்கும் சொந்தம் இல்லாத எடம்.

மாப்பிள்ளையோட அப்பாவுக்கு அதுலயும் மனசு இல்ல. லயத்துல பொண்ணு எடுக்கிறது அவருக்குப் புடிக்கல, அத வெளிய சொல்ல வெக்கம். ஒரு சாக்குக் கெடைச்சா வேனத் திருப்பிக்கிட்டுப் போயிருவாருன்னு எல்லாருக்கும் தெரியும். எஸ்தருக்கும் தெரியும். அவ லைப்ரரிக்கு வந்து, ஒரு புத்தகத்த எடுக்கிறதும் வைக்கிறதுமா நிப்பா. "மிஸ், கமிட்டி அனுமதி குடுத்துருமா மிஸ்"னு கேப்பா. "ஏன் குடுக்காது, கைய தூக்குற வேலைதானே"ன்னு நான் சொன்னேன்.

பிரின்சிபல் கண்டிப்பா அனுமதி வேணும்னாரு. அவரு யாழ்ப்பாணத்துக்காரரு, நெத்தி நெறைய திருநீறு. எங்க சபைக்குக் காப்பாளர்னு பதவி, ஓட்டு இல்ல, ஆனா சேப்பல் சாவி அவருகிட்டதான். "மிஸ், நான் சைவக்காரன். உங்கட சமயத்தில நான் தலையிட மாட்டன். ஆனா உங்கட யாப்பில கட்டாயம் தலையிடுவன்"னு சொல்லுவாரு. எங்க யாப்ப எங்களவிட அவருதான் நல்லாப் படிச்சு வச்சிருந்தாரு.

சரி, ஒரு புதன்கெழம மத்தியானம் பாடமெல்லாம் முடிஞ்சதும் கூட்டம் வச்சோம். மாஸ்டர் புது மணியோட கயித்த ஆசையா இழுத்தாரு. மலை முழுக்கக் கேட்டுச்சு. நாங்க பாட்டுப் பாட ஆரம்பிச்சோம். ரெண்டாவது சரணம் முடியல, மேல பாத்தா மலையில இருந்த பொம்பளைங்க எல்லாரும் கூடையோட வரிசையா எறங்கிக்கிட்டிருக்காங்க. கொழுந்து நிறுக்கக் கூப்பிடுறாங்கன்னு நெனைச்சு நேரா தராசு இருக்கிற மடுவத்துக்குப் போயிட்டாங்க. கையில எல்லாருக்கும் போன் இருக்கு, மணி பாக்கத் தெரியும். ஆனா அந்தச் சத்தம் காதுல விழுந்ததும் கால் தானா எறங்கிருச்சு. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஓடிப் போயி திரும்ப ஏத்துறதுக்குள்ள மழை வந்துருச்சு. பாதி நாள் கொழுந்து போச்சு.

கூட்டம் தொடங்குறதுக்குள்ள தொரையே ஜீப்புல வந்துட்டாரு. சிங்கள ஆளு, தோட்டத்துலயே தமிழ் பழகினவரு. கொழுந்து எடுக்கிறவங்ககிட்ட பேசுற தமிழ்தான் அவருக்குத் தெரியும், அதத்தான் எல்லாருகிட்டயும் பேசுவாரு. "என்னா மிஸ், நீ மணி அடிக்குது, நம்ம ஆளு எல்லாம் எறங்குது. இனிமே மணி எப்ப அடிக்கிறன்னு கமிட்டி முடிவு பண்ணி எழுதிக் குடு. அது வரைக்கும் அடிக்காத"ன்னாரு. பொம்பளைங்க எறங்கினதப் பாத்தப்பவே நாங்க பாட்ட அப்படியே விட்டிருந்தோம். பாட்டு முடியல, அதனால கூட்டம் தொடங்கலன்னு பிரின்சிபல் சொல்லிட்டாரு.

இப்ப நெலவரத்தப் பாத்துக்குங்க. மணி அடிக்கணும்னா தொரைக்குக் கமிட்டித் தீர்மானம் குடுக்கணும். தீர்மானம் போடணும்னா கமிட்டி கூடணும். கமிட்டி கூடணும்னா மணி அடிக்கணும். விதிய மாத்தலாம்னா அதுக்கும் கூட்டம் போடணும், கூட்டத்துக்கும் மணி. பழைய கைமணி நாக்கில்லாம கெடக்கு. வேற மணி வாங்கலாம்னா வாங்குறதுக்குக் கமிட்டி அனுமதி வேணும். நான் பிரின்சிபலுகிட்ட போயி அழாத குறையாச் சொன்னேன். அவரு முகம் மலர்ந்து போச்சு. "நல்ல சிக்கல் மிஸ். என்ர சர்வீசில இப்பிடி ஒரு சிக்கலைக் காணேல்ல"ன்னாரு. அவருக்கு அது ஒரு சந்தோஷம்.

"பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்துல அடிச்சிரலாமே சேர், அப்ப அவங்களே எறங்குவாங்கள்ல"ன்னு கேட்டேன். "பாட நேரத்தில ஒரு கமிட்டியும் கூடேலாது. அது கலாசாலை விதி"ன்னாரு.

அப்புறம் மாஸ்டர் ஒரு யோசனை சொன்னாரு. மணி நாக்குல துணியச் சுத்தி மெதுவா அடிக்கலாம்னு. அவரோட கழுத்து மஃப்ளரையே சுத்தினாரு. அடிச்சா சிரட்டையத் தட்டுற மாதிரி ஒரு சத்தம். மலை அசையல. எங்களுக்கு ஒரே நிம்மதி. ஒக்காந்து பாட்டையும் முடிச்சோம். அப்ப அங்கிலிக்கன் மாணவர் பிரதிநிதி எந்திரிச்சு, பொம்பளைப் புள்ளைங்க ஹாஸ்டலுக்குச் சத்தம் கேட்டுச்சான்னு கேட்டாரு. ஆளனுப்பி விசாரிச்சா, கேக்கல. "அப்ப இது ரகசியக் கூட்டம்"னாரு. பச்சை பெயின்ட் ஞாபகம் எல்லாருக்கும் வந்துருச்சு. கலைஞ்சு போனோம். மாஸ்டருக்கு மஃப்ளர் பூரா கிரீஸ்.

நான் நேரா தொரை பங்களாவுக்குப் போனேன். நெலமைய எடுத்துச் சொன்னேன். பாதி புரிஞ்சுச்சா, முழுசாப் புரிஞ்சுச்சா தெரியல, ஆனா மனுசன் எரக்கப்பட்டாரு. "சரி, ஒரு நாள். வேலை முடிஞ்சு ஆளு எல்லாம் லயத்துக்குப் போன பொறகு அடி"ன்னாரு.

மறுநாள் சாயந்தரம், பொம்பளைங்க எல்லாம் குளிச்சு அடுப்பு மூட்டுற நேரமாப் பாத்து அடிச்சோம். இதுல யாருக்கு என்ன நட்டம்னு நெனைச்சோம். அந்த மணிய வேலை நேரம் இல்லாத நேரத்துல அடிச்சா அதுக்கு ஒரே ஒரு அர்த்தந்தான்னு எங்களுக்குத் தெரியாது. சிறுத்தை எறங்கியிருக்குன்னு அர்த்தம். பாட்டு நடந்துக்கிட்டிருக்கு, லயத்துல இருந்து ஆம்பளைங்க கம்போட, கத்தியோட, தகரத்தத் தட்டிக்கிட்டு ஓடி வர்றாங்க. நாய் அத்தனையும் கூட வருது. ஒருத்தர் சேப்பல் ஜன்னல எட்டிப் பாத்து, "உள்ளயா இருக்கு"ன்னு கேக்குறாரு. பெந்தெகொஸ்தே மாணவி மேசை மேல ஏறிட்டா. மாஸ்டர் "சிறுத்தை இல்லப்பா, கமிட்டி"ன்னு கத்துறாரு. "கமிட்டி எந்தப் பக்கம் ஓடுச்சு"ன்னு பின்னாடி வந்த ஒருத்தர் கேட்டாரு. அன்னைக்கும் கூட்டம் இல்ல.

அதுக்கப்புறம் தொரைக்குக் கோவம் வந்துருச்சு. மணி அடிக்கவே கூடாதுன்னுட்டாரு. அதோட விடல. கொழுந்து நல்லா வர்ற மாசம், ஹெட் ஆபீஸ்ல இருந்து வேற நெருக்குறாங்க. சனிக்கெழம ஒருத்தருக்கும் லீவு கெடையாது, சங்கு ஊதாம மலைய விட்டு எறங்கினா பேரு இல்லன்னு ஆர்டர் போட்டுட்டாரு. பேரு இல்லன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல. அந்தச் சனிக்கெழமதான் எஸ்தர் கலியாணம்.

பாக்கியம் அரை நாள் லீவு கேட்டுப் போயிருக்காங்க. கணக்கப்பிள்ளை, "ஒங்களுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும், சங்கு ஊதினதும் ஓடிப் போயிருங்க"ன்னு அனுப்பிட்டாரு. கலியாணம் காலையில, சங்கு மத்தியானம். எஸ்தர் என்கிட்ட வந்து இதச் சொல்லும்போது அழல. அதுதான் எனக்குத் தாங்கல. "ஒரு நாள் பேரு போனா போகுது, வாங்கன்னு சொன்னேன் மிஸ். பேரு இல்ல, ஆர்டர மீறினா அடுத்து வேலையையே நிப்பாட்டிருவாங்க, கலியாணத்தன்னைக்கே ஒன் மாமனார் முன்னால எனக்கு அந்த அவமானம் வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க"ன்னா. அந்தப் பக்கம் இறம்பொடையில இருந்து மாப்பிள்ளையோட அப்பா போன் மேல போன். "ஒரு கூட்டம் போடத் தெரியாத சபையில எம் மகனுக்குக் கலியாணமா? வேனக் கொண்டாந்து நிப்பாட்டுவேன். கதவு தெறக்கலன்னா அப்படியே திருப்பிருவேன்"னாரு.

புள்ளைங்களா, நம்ம வேலையில நெருக்கடி வரும்போது ரெண்டு வகையான ஆளு வருவாங்க. ஒரு ஆளு, "விதிய விட்டுத் தள்ளுங்க"ம்பாரு. இன்னொரு ஆளு, "விதி விதிதான், நம்ம என்ன செய்றது"ம்பாரு. ரெண்டு பேருமே நமக்கு ஒதவ மாட்டாங்க. விதி கழுத்தப் புடிச்சா அதோட கடைசி வரி வரைக்கும் படிங்க. பாதியில விட்டவங்கதான் மாட்டிக்கிறாங்க. நான் வெள்ளிக்கெழம பூரா லைப்ரரியில ஒக்காந்து அத்தனையையும் படிச்சேன். படிச்சு ஒண்ணும் வெளங்கல, தலைவலிதான் வந்துச்சு. மறுநாள் கண்ணு முன்னாடி எல்லாரும் நிக்கும்போதுதான் வெளங்கிச்சு.

சனிக்கெழம காலையில சேப்பல் வாசல்ல எல்லாரும் நிக்கிறோம். எஸ்தர் வெள்ளைச் சேலையில நிக்கிறா. பக்கத்துல அம்மா இல்லாததால அவ அத்தை நிக்கிறாங்க. இறம்பொடை வேன் வந்தாச்சு, மாப்பிள்ளையோட அப்பா எஞ்சின நிப்பாட்ட வேணாம்னு டிரைவருகிட்ட சொல்லிட்டாரு. ஐயரும் வந்தாச்சு, பாஸ்டரும் வந்தாச்சு. கமிட்டி ஆளுங்க எல்லாரும் கலியாணத்துக்கு வந்திருக்காங்க. பிரின்சிபல் பட்டு வேட்டியில, கையில பிரஷர் குக்கர் பார்சலோட. சாவி அவரு இடுப்புல. பிரின்சிபல் அழைச்சு தொரையும் வந்திருக்காரு, கோட் சூட் போட்டு.

பிரின்சிபல் என்னைப் பாத்து, "மிஸ், தீர்மானம்?"னாரு.

"இல்ல சேர்."

"அப்ப நான் கதவைத் துறக்கேலாது. கலியாணத்துக்கு என்ர மனம் நிறைஞ்ச வாழ்த்து. ஆனா துறக்கேலாது"ன்னாரு. அவரு கண்ணுல தண்ணி. உண்மையிலயே கவலை அந்த மனுசனுக்கு.

மாப்பிள்ளையோட அப்பா வேன் கதவத் தெறந்தாரு. டேவிட் அவரு கையப் புடிச்சாரு, அவரு உதறினாரு. எஸ்தர் மலையப் பாத்துக்கிட்டு நிக்கிறா. மேல பனிக்குள்ள பொம்பளைங்க குனிஞ்சு கொழுந்து எடுத்துக்கிட்டிருக்காங்க, அதுல எது அவ அம்மான்னு எனக்குத் தெரியல, அவளுக்குத் தெரியும்.

நான் போயி மணிக் கயித்த இழுத்தேன்.

மாஸ்டர் "ஐயோ மிஸ்"னாரு. தொரை கோட்ட சரி பண்ணிக்கிட்டு வேகமா வந்தாரு. "மிஸ், நான் என்னா சொன்னேன்? மணி அடிக்காதன்னு சொல்லியா இல்லியா?"

"நீங்க கேட்ட தீர்மானத்தப் போடத்தான் தொரை மணி அடிக்கிறேன். கமிட்டி எல்லாம் இங்கதான் நிக்குது"ன்னு சொல்லிட்டு இன்னும் நாலு தடவ இழுத்தேன். கை எரிஞ்சுச்சு. அப்புறம் பாட்ட ஆரம்பிச்சேன். எனக்குச் சாரீரம் கெடையாது, லைப்ரரிக் குரல்தான். ஆனா எஸ்தர் பாடினா, பாஸ்டர் கை தட்டினாரு, ஐயரும் வேற வழியில்லாம தட்டினாரு. இருக்கிறதுலயே சரணம் அதிகமான பாட்டாப் பாத்துத்தான் எடுத்தேன்.

மலை எறங்கிச்சு. கூடையோட, இடுப்புல சாக்குப் படங்கு கட்டினபடி, கொழுந்து எடுத்த கறுப்புக் கையோட அத்தனை பொம்பளைங்களும் எறங்கினாங்க. ஆனா இந்தத் தடவ மடுவத்துக்குப் போகல. மலைக்கு மேல இருந்து வேனையும் சேலையையும் பாத்துட்டாங்க போல, நேரா சேப்பலுக்கு வந்துட்டாங்க. முன்னாடி வந்தது பாக்கியம். கடைசிச் சரணம் முடியிறப்போ வாசல் நெறஞ்சு போச்சு.

தொரை கணக்கப்பிள்ளையத் தேடினாரு. "இந்த ஆளு எல்லாம் திரும்ப ஏத்து"ன்னாரு. அப்ப பிரின்சிபல் பிரஷர் குக்கரக் கீழ வச்சுட்டு முன்னுக்கு வந்தாரு. அவரு முகத்துல அப்படி ஒரு வெளிச்சத்த நான் அதுக்கு முந்தி பாத்ததில்ல. "தொரை, மன்னிக்கோணும். யாப்பின்படி மணிச் சத்தம் கேட்டு, பாட்டு முடியிறதுக்கு முன்னம் வந்த எவரையும், கூட்டம் முடிஞ்சுது எண்டு செயலாளர் சொல்லும் வரைக்கும் வெளியில அனுப்பேலாது"ன்னு சொல்லிட்டு சாவிய எடுத்துக் கதவத் தெறந்தாரு. "உள்ளுக்கு வாங்கோ. எல்லாரும் வாங்கோ"ன்னாரு.

தொரை பிரின்சிபல் பக்கம் திரும்பினாரு. "ஹெட் ஆபீஸுக்கு நான் என்னா சொல்றது?"

"கூட்டத்துக்குப் போனவை எண்டு சொல்லுங்கோ."

"கொழுந்து? கொழுந்து வாடிப் போகும் மிஸ்."

அதுவும் நெசந்தான். கூடையில கெடந்தா சூடேறிப் போகும். அதனால கணக்கப்பிள்ளை மடுவத்துல இருந்து தராசத் தூக்கிட்டு வந்து சேப்பல் விறாந்தையில மாட்டினாரு. தொரையும் கோட்டக் கழட்டிட்டுப் பக்கத்துல நின்னுட்டாரு. உள்ள கமிட்டி கூடிச்சு. முதல் தீர்மானம், வேலை நேரத்துல இனி மணி அடிக்கிறதில்லன்னு தொரைக்கு எழுதிக் குடுக்கிறது. ஏகமனதா நெறவேறிச்சு. ரெண்டாவது, எஸ்தர் கலியாணத்துக்கு அனுமதி. கமிட்டி கை தூக்குறதுக்கு முந்தியே பின்னாடி இருந்த பொம்பளைங்க எல்லாம் கை தூக்கிட்டாங்க. அவங்களுக்கு ஓட்டு இல்லன்னு சொல்ல மாஸ்டர் எந்திரிச்சாரு, பிரின்சிபலப் பாத்துட்டு ஒக்காந்துட்டாரு.

அப்புறம் வழக்கமா நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. கூட்டம் முடிஞ்சுச்சுன்னு. எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான் அதச் சொன்னா பாக்கியம் மலைக்குத் திரும்பப் போகணும். நான் ஐயரப் பாத்து, "அடுத்தது ஏனைய விடயங்கள், நீங்க ஆரம்பிங்க"ன்னேன்.

கலியாணம் கூட்டத்துக்குள்ளயே நடந்துச்சு. ஐயரு உறுதிமொழி கேக்குறாரு, விறாந்தையில இருந்து கணக்கப்பிள்ளை பேரும் கிலோவும் கூப்பிடுறாரு. பேர் வந்தவங்க எந்திரிச்சுப் போயி கூடைய நிறுத்துட்டு ஓடி வந்து ஒக்காந்துக்கிறாங்க. டேவிட் "சம்மதிக்கிறேன்"னு சொன்னது தராசுச் சத்தத்துல கேக்காம ரெண்டு தடவ சொல்ல வேண்டியதாப் போச்சு. மாப்பிள்ளையோட அப்பா வெளிய நின்னாரு. வெளிய நின்னா ஒவ்வொரு கூடைக்கும் வழி விட வேண்டியிருக்கு. கடைசியில டிரைவருகிட்ட எஞ்சின நிப்பாட்டச் சொல்லிட்டு உள்ள வந்து பாக்கியம் பக்கத்துல இருந்த எடத்துல ஒக்காந்தாரு, வேற எடம் இல்ல. அவங்க படங்க மடிச்சுக்கிட்டு அவருக்குக் கொஞ்சம் தள்ளி ஒக்காந்தாங்க. கைய சேலையில தொடைச்சுக்கிட்டே இருந்தாங்க.

தாலி கட்டி முடிஞ்சதும் எஸ்தர் திரும்பி அம்மாகிட்ட வந்தா. "லீவு குடுத்தாங்களாம்மா?"ன்னு கேட்டா.

"லீவு எங்க குடுத்தாங்க? நான் கூட்டத்துக்கு வந்திருக்கேன்"னாங்க பாக்கியம். நான் அங்கயே அழுதுட்டேன், மூக்கச் சிந்த கைக்குட்டை கூட இல்ல.

சாப்பாடு முடியிற வரைக்கும் நான் கூட்டத்த முடிக்கல. அதுக்கப்புறம் சங்கு ஊதிருச்சு, மழையும் வந்துருச்சு, எல்லாரும் கலைஞ்சுட்டாங்க, எனக்கு மறந்தே போச்சு. அடுத்த மாசம் கூட்டத்துல பிரின்சிபல் கண்டுபுடிச்சு, "மிஸ், போன கூட்டம் இன்னும் முடியேல்ல, இது அதன் தொடர்ச்சிதான்"னாரு. அவரு அவ்வளவு சந்தோஷமாச் சொன்னதால மறுத்துப் பேச எனக்கு மனசு வரல. அவரு யாழ்ப்பாணம் திரும்பிப் போற வரைக்கும் நான் எந்தக் கூட்டத்தையும் முடிக்கல. எனக்குப் பின்னால வந்தவங்களும் முடிச்சதாத் தெரியல. நீங்களும் முடிச்சிருக்க மாட்டீங்க.

அதனால ஒங்க ரெண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். பின் வரிசையில ஒக்காந்திருக்கிறது பாக்கியம். அவங்க மணிச் சத்தம் கேட்டு வந்தவங்க, கூட்டம் இன்னும் முடியல, அவங்கள வெளிய அனுப்ப முடியாது. இப்ப வேலைய விட்டு நின்னுட்டாங்க. எஸ்தர் மாற்றலாகி உடப்புசல்லாவைப் பக்கம் போயிட்டா, கூப்பிட்டும் அவங்க போகல. கமிட்டி கூடுற சாயந்தரமெல்லாம் லயத்துல இருந்து எறங்கி வந்துடுறாங்க. சிறுத்தைன்னு நெனைச்சு கம்போட ஓடி வர்ற ஆளுங்களும் இப்ப இல்ல, கமிட்டி மணின்னு மலைக்கே பழகிருச்சு. நீங்க சேப்பலுக்கு மறுபடியும் பெயின்ட் அடிக்கிறதப் பத்திப் பேசுறதையெல்லாம் கேட்டுக்கிட்டு அவங்களுக்கு என்ன ஆகப் போகுதுன்னு எனக்கும் ஒரு நாள் தோணிச்சு. கேட்டுட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல மிஸ்"னாங்க. "ஆனா இந்த மணி அடிச்சா நான் காலம் பூரா வேலைக்குத்தான் போயிருக்கேன். இங்கதான் மணி அடிச்சு ஒக்காரச் சொல்றாங்க."

முதல் கேள்விக்கு வர்றேன். விதியத் தூக்கணும்னா தூக்குங்க, அது ஒங்க கமிட்டி. ஆனா தூக்குறதுக்கும் கூட்டம் போடணும், கூட்டத்துக்கு மணி அடிக்கணும், அடிச்சா அவங்க வருவாங்க. அவங்க முன்னாடி வச்சு அந்தத் தீர்மானத்தப் போடுங்க. முதுகு வலி அவங்களுக்கு, பெஞ்சுல ஒக்கார முடியாது. கை வச்ச கதிரையா ஒண்ணு பாத்துப் போடுங்க.